எல்லாம் ஸ்டேட்டஸில் வந்துவிட்டால் நேரில் பேச என்ன மிச்சம்?

கேள்வி: அச்சுக்கடைக்காரன், மதுரை

வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிப்போம். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது சொந்தக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன்.

போன ஆவணியில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். பாலிடெக்னிக்கில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் வந்திருந்தான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நேரில் பார்த்துப் பல வருஷம். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை கிடைத்தது. சரி, இன்றைக்கு நாலு மணி பஸ்ஸை விட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

பையன் எந்த ஸ்கூல் என்று கேட்க வாயெடுத்தால், அது தெரியும். ஜூன் மாதம் யூனிபார்மோடு வாசலில் நிற்கவைத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டிருந்தான். கொடைக்கானல் போனது தெரியும். வண்டி வாங்கியது, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனது, எல்லாம் தெரியும். அவனுக்கும் நான் புது பிரிண்டர் இறக்கியது தெரியும், அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தது முதற்கொண்டு. "அதான் பார்த்தேனே", "ஆமா, போட்டிருந்தியே" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். ரசம் வருவதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. பாயசம் வந்தபோது இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கை கழுவிவிட்டு வந்து அவன் ஒரு செல்பி எடுத்தான். பஸ் ஏறிப் பார்த்தால் ஸ்டேட்டஸில் இருக்கிறது: "நீண்ட நாள் கழித்து உயிர் நண்பனுடன். மறக்க முடியாத தருணம்." நானும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டேன்.

பிறகு வேறொருவன் மூலம் கேள்விப்பட்டேன். அந்தச் சமயத்தில் ஏற்றுமதி ஆர்டர் குறைந்து அவனுடைய கம்பெனியில் ஷிப்டைக் குறைத்திருக்கிறார்கள். பாதிச் சம்பளம். வண்டிக்குத் தவணை வேறு. இலையில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? அவனைப் பற்றித்தான் தினமும் எல்லாம் தெரிகிறதே. பல வருஷம் ஒரு தகவலும் இல்லாமல் இருந்திருந்தால், முதல் கேள்வியே "வேலையெல்லாம் எப்படிடா போகுது?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

கடையிலும் இதே கதைதான். முன்பு 500 பத்திரிகை அடித்த வீட்டில் இப்போது 100 போதும் என்கிறார்கள். "அண்ணே, ஸ்டேட்டஸ் சைஸ்ல ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க." நெட்டுக்குத்தாக ஒரு படம், மேலே பிள்ளையார், கீழே மண்டபத்து மேப், பின்னால் பாட்டு. கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றுதான், அதை நகல் எடுத்தே வைத்திருக்கிறேன்: "இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொண்டு..." முந்தாநாள் ஒருவர் வந்தார். அப்பா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. "ஸ்டேட்டஸுக்கு முதல்ல குடுங்க, போஸ்டர் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எங்கள் பக்கம் கேதம் சொல்ல ஆள் அனுப்புவார்கள். சொல்ல வந்தவரிடம் எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்று கேட்டு அழுதுவிட்டுத்தான் கிளம்புவார்கள். இப்போது அக்கா மகன் சிவகங்கை பஸ்ஸில் நின்றுகொண்டே, யாரோ போட்ட பிரியாணிப் படத்துக்கும் யாரோ போட்ட முருகன் படத்துக்கும் நடுவில் தாய்மாமன் செத்த செய்தியைப் பார்க்கிறான்.

இது என் பிழைப்பு, அதனால் ரொம்பவும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கேட்கிறேன். ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பதாலேயே சொல்வதற்கு மதிப்புக் குறைகிறதா? இல்லை, 44 வயதிலேயே நான் கிழவன் மாதிரிப் புலம்புகிறேனா?

---

பதில்: பழைய ஆபரேட்டர், திருநெல்வேலி

தம்பி, நான் வெளியூர் போன் கால்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்துப் பேச்செல்லாம் அர்த்தத்தோடு இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஆபரேட்டர் இல்லாமல் நேராகவே வெளியூருக்குச் சுழற்றுகிற வசதி நம் நாட்டில் முதலில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவில் 1960இல் வந்தது. எல்லா ஊருக்கும் பரவ வெகுகாலம் ஆயிற்று. அதுவரை எங்களிடம் பதிவு பண்ணிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், அதற்கும் மேலே லைட்னிங். லைட்னிங் என்றால் காசு எக்கச்சக்கம். அப்படிக் காத்துக் கிடந்து கிடைத்த மூணு நிமிஷத்தில் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாதி நேரம் "ஹலோ, கேக்குதா? கேக்குதா?" மீதியில் "நல்லா இருக்கியா? நல்லா இருக்கேன். மழை உண்டுமா?" நாங்கள் ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். ஆனால் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது காதில் விழத்தானே செய்யும். நாங்கள் "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று சொன்ன பிறகுதான் சிலருக்கு உண்மையான விஷயமே ஞாபகத்துக்கு வரும்.

தந்தியும் அப்படித்தான். வாழ்த்து வாசகங்களுக்கு நம்பர் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு நம்பர், தீபாவளிக்கு ஒரு நம்பர், குழந்தை பிறந்தால் ஒரு நம்பர். நீங்கள் நம்பரைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சொந்தமாக ஒரு வார்த்தை யோசிக்க வேண்டாம். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது பேப்பரில் எல்லாரும் உருகி உருகி எழுதினார்கள். நான் அந்த நம்பர்களை நினைத்துக்கொண்டேன். இப்போது வருகிற ரோஜாப்பூ குட்மார்னிங்குக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஆனால் ஒன்று உண்டு. நம்பர் வாழ்த்தாக இருந்தாலும் அதில் ஒரு பெயரும் விலாசமும் இருக்கும். உங்களுக்கென்று ஒருத்தர் தந்தி ஆபீஸ் வரைக்கும் நடந்திருக்கிறார், காசு கட்டியிருக்கிறார். ஸ்டேட்டஸில் விலாசம் கிடையாது. சொல்கிறவர் உங்களிடம் சொல்லவில்லை, நீங்கள் அந்தப் பக்கமாகப் போகும்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். அடிக்கடி சொல்வதால் மதிப்புக் குறைகிறது என்று நான் நினைக்கவில்லை. யாருக்கு என்பது இல்லாமல் சொல்வதால்தான் குறைகிறது. என் மகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எனக்கு மெசேஜ் அனுப்புகிறாள், பாதி "சாப்டியா, மாத்திரை போட்டியா" தான். ஒன்றுகூட எனக்கு அலுக்கவில்லை.

கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு "மற்றவை நேரில்" என்று முடிப்பார்கள் இல்லையா? கடன், வழக்கு, மருமகள் சண்டை எல்லாம் அந்த மற்றவைக்குள்தான் இருக்கும். உங்கள் திருப்பூர் நண்பருக்கும் அது இருந்திருக்கிறது. நேரில் பார்த்தும் அவர் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

---

பதில்: ஷார்ஜா நைட் ஷிப்ட்

அண்ணே, பஸ் பிடித்தால் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஆட்கள் இருப்பதால் உங்களுக்கு இப்படித் தோன்றுகிறது.

எனக்குச் சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். இங்கே அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், வாய்ஸ் நோட் போகும், கால் மட்டும் போகாது. தடை. பேச வேண்டுமென்றால் போட்டிம் மாதிரி அனுமதி வாங்கிய ஆப் வேண்டும், அதிலும் சிலதுக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்டினாலும் நேரம் ஒத்து வராது. எனக்கு வேலை முடிவது காலை ஆறு மணி. ஊரில் அப்போது ஏழரை. அம்மா நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். அது திரும்பி வரும்போது நான் தூக்கத்தில் இருப்பேன்.

அதனால் ஒரு பழக்கம். வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் ஒரு படம் போட்டுவிடுவேன். சாப்பாட்டுத் தட்டு, கட்டில், வாசலில் நிற்கிற பூனை, ஏதோ ஒன்று. கேலி பண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்கள், "இவன் குப்பூஸ் தின்றதையெல்லாம் நாம பார்க்கணுமா" என்று. அது அவர்களுக்குப் போட்டதே இல்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாப்பா போனைத் திறந்து காட்டும். அம்மா அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கும்.

ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று ஒரு படம் போட்டேன். புதுச் சட்டை. சாயங்காலம் வாய்ஸ் நோட் வருகிறது: "கழுத்துல செயினக் காணோமேப்பா, என்ன பண்ணுன?" ரூம் வாடகைக்கும் தங்கச்சி பீசுக்கும் சேர்த்து அடகு வைத்திருந்தேன். அதே படத்தை 140 பேர் பார்த்திருக்கிறார்கள், பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவனும் பார்த்தான். காலர் இடுக்கில் செயின் இல்லை என்பதைப் பார்த்தது ஒரு ஆள். தட்டைப் பார்த்து "ரெண்டு நாளா பருப்பு மட்டுந்தான் இருக்கு" என்று கண்டுபிடிக்கிறதும் அதே ஆள்தான். கடிதாசி போட்டிருந்தால் இதையெல்லாம் நான் மறைத்திருப்பேன், அண்ணே. எல்லாம் நலம் என்று எழுதியிருப்பேன்.

அதனால் ஆபரேட்டர் அம்மா சொல்கிற விலாசம் எனக்குப் புரிகிறது. என் ஸ்டேட்டஸில் விலாசம் இருக்கிறது, வெளியே எழுதவில்லை, அவ்வளவுதான்.

---

பதில்: மூணாவது மருமகள், விருதுநகர்

எங்கள் வீட்டில் ஸ்டேட்டஸைவிட அர்த்தமுள்ள தகவல் தொடர்பு எதுவுமே கிடையாது!

பெரிய நாத்தனார் காலை ஆறு மணிக்கு "சிலர் சிரிப்பார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள்" என்று சூரிய உதயப் படத்தோடு போடுவார். இருநூறு பேர் பார்த்திருப்பார்கள். யாருக்கு என்று எங்கள் வீட்டில் நாலு பேருக்குத் தெரியும். ஏழு மணிக்கு என் ஓரகத்தி "காய்த்த மரம்தான் கல்லடி படும்" என்று பதில் போடுவார். இரண்டு பேரும் ஒரே அடுப்படியில்தான் நிற்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த "யார் யாருக்குத் தெரிய வேண்டாம்" பட்டியல். நான் அம்மா வீட்டுக்குப் போனால் மாமியாரை அதில் சேர்த்துவிடுவேன், திரும்பி வரும்போது எடுத்துவிடுவேன். மாமியார் என்னைச் சேர்த்திருக்கிறார் என்பது போன மாதம்தான் தெரிந்தது. வளையல் வாங்கியிருக்கிறார்.

---

பதில்: டெஸ்டிங் டீம், சென்னை

சார், கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். வாட்ஸ்அப் 2009இல் தொடங்கியபோது அது சாட் ஆப்பே இல்லை. ஸ்டேட்டஸ் ஆப். போன் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த ஆள் இப்போது என்ன செய்கிறார் என்று காட்டுவதுதான் அதைத் தொடங்கிய ஜான் கூமின் யோசனை. வேலையில் இருக்கிறார், ஜிம்மில் இருக்கிறார், பேட்டரி தீரப்போகிறது, இந்த மாதிரி. அந்த வருஷம் ஜூனில் ஆப்பிள் புஷ் நோட்டிபிகேஷன் கொண்டுவந்தது. ஒருவர் ஸ்டேட்டஸ் மாற்றினால் நண்பர்களுக்கு உடனே மணி அடிக்கும். ஆட்கள் அதை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் ஸ்டேட்டஸிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் மெசேஜ் அனுப்பும் வசதியைக் கட்டினார்கள். அதாவது, எல்லாருக்கும் அறிவிக்கக் கொடுத்த கருவியை ஜனங்களே இரண்டு பேர் பேசுகிற கருவியாக வளைத்துக்கொண்டார்கள்.

24 மணி நேரத்தில் மறைகிற படம், வீடியோ எல்லாம் 2017 பிப்ரவரியில் வந்தது. ஸ்னாப்சாட்டும் இன்ஸ்டாகிராமும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். பழைய எழுத்து ஸ்டேட்டஸை எடுத்துவிட்டார்கள் என்று பலர் சத்தம் போட, அடுத்த மாதமே அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இலேயே எழுதியிருக்கிறார்: மனிதர்கள் பேசுவதில் ஒரு பெரும் பகுதி தகவல் சொல்வதற்கு இல்லை, உறவு அறுந்து போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான். ஆபரேட்டர் அம்மா சொன்ன "மழை உண்டுமா" அந்த வகை. ஷார்ஜா தம்பியின் தட்டும் அதுவேதான். எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

எனக்குப் பிரச்சினை வேறு இடத்தில். மழை உண்டுமா என்று கேட்டால் அந்தப் பக்கம் ஒருவர் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். ஸ்டேட்டஸில் ஒரு கண் படமும் ஒரு எண்ணும் வருகிறது, பார்த்தவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் பேசிவிட்ட மாதிரி ஒரு திருப்தி. உங்கள் பந்தியில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன், சார். பேச விஷயம் இல்லாமல் போகவில்லை. ஏற்கெனவே பேசியாயிற்று என்ற நினைப்பு இருந்தது. ஒரு வருஷம் முழுக்க அவர் படத்தைப் பார்த்தீர்கள், இதயம் போட்டீர்கள். பேசவில்லை.

---

பதில்: நாமக்கல்லிலிருந்து ஒரு அக்கா

அச்சுக்கடை அண்ணா, உங்க தொழில் சம்பந்தமா ஒண்ணு சொல்றேனுங்க.

எங்கள் பெண் கல்யாணத்துக்கு ஒரு நோட்டுப் போட்டோம். வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நேரில் போய் அழைக்க வேண்டியவர்கள் ஒரு பக்கம், போனில் சொன்னால் போதும் என்கிறவர்கள் ஒரு பக்கம், மீதிப் பேர் வாட்ஸ்அப்பில். நேரில் போக வேண்டிய பக்கமே நாலு பக்கம் நீண்டுவிட்டது. வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. ராசிபுரம் பக்கம் ஒரு ஞாயிறு, பரமத்தி பக்கம் ஒரு ஞாயிறு என்று போய்க்கொண்டிருந்தோம்.

நடுவில் எங்கள் கொழுந்தனார் பையன் ஆசையாக, பத்திரிகைப் படத்தைப் பாட்டெல்லாம் சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பெரிய மாமா வீட்டுக்குத் தட்டோடு போகிறோம். மாமா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "எனக்கெதுக்குச் சாமி பத்திரிகை, அதான் வெள்ளிக்கிழமையே டீக்கடைக்காரன் காட்டிட்டானே" என்றார். அதே பத்திரிகை, அதே எழுத்து. நாங்கள் போய் நின்று கொடுத்ததும் அவருக்குக் கணக்கில் வரவில்லை. டீக்கடைக்காரனுக்கு அப்புறம் தனக்கா என்பதுதான் அவர் மனதில்.

அதனால் ஸ்டேட்டஸ் தப்பு என்று சொல்ல மாட்டேன். நானூறு வீட்டுக்கு யாராலும் ஏறி இறங்க முடியாதுங்க, பெட்ரோல் விலைக்கு. ஆனால் எது முன்னே, எது பின்னே என்று இருக்கிறது. நேரில் முடித்து, போனில் முடித்து, கடைசியாக ஸ்டேட்டஸ். நீங்கள்தானே அந்தப் படத்தைப் போட்டுக் கொடுக்கிறீர்கள். பத்திரிகையோடு சேர்த்து அன்றைக்கே கொடுக்காதீங்க அண்ணா. அழைப்பு முடிஞ்சுதான்னு கேட்டுட்டு அனுப்புங்க.

---

அச்சுக்கடைக்காரன், மதுரை

எல்லாருக்கும் நன்றி. ஆபரேட்டர் அம்மா, அந்த நம்பர் தந்தி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு வகையில் நம்ம கடை "இதையே நேரில் வந்து அழைத்ததாக" வரிக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிடலாம் போல.

சென்னைத் தம்பி சொன்னதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். பேசிவிட்டோம் என்ற நினைப்பு, சரி. ஆனால் நல்லதை மட்டும் எடுத்து வைக்கிற இடத்தில் பாதிச் சம்பளத்தைப் பற்றி எவன் போடுவான்? நாங்கள் ஸ்டேட்டஸில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதே கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய பலகாரம்தான். ஷார்ஜா தம்பி, உன் அம்மாவுக்கு இருக்கிற கண் எல்லாருக்கும் இருக்காதுப்பா. மூணாவது மருமகள், வளையல் என்ன டிசைன் என்று மட்டும் சொல்லுங்கள், என் வீட்டுக்காரம்மா கேட்கிறார்.

நாமக்கல் அக்கா யோசனையை நேற்றே கடையில் சொல்லிப் பார்த்தேன். வந்த பையன், "அண்ணே, படத்தை இப்பவே குடுங்க, போடுறதும் போடாததும் நான் பாத்துக்கிறேன்" என்றான். கொடுத்தேன். ஜி.பே. மணி அடிக்கும் முன்னால் ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டான். அடுத்த ஆளிடம் படம் பத்து நாள் ஆகும் என்றே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

அக்கா, அந்தப் பெரிய மாமா கல்யாணத்துக்கு வந்தாரா இல்லையா?

---

நாமக்கல்லிலிருந்து ஒரு அக்கா

வந்தாருங்க. முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். மொய்யும் குறைவில்லாமல் எழுதினார். பந்திக்குக் கூப்பிட்டோம், சாப்பிடாமல் போய்விட்டார்.